பிஞ்சு மூக்கில் எதை விடலாம்?

இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், திருவனந்தபுரத்தில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இரவுத் தூக்கம் போய்விடும். குழந்தை மார்பைப் பற்றும், இரண்டு மிடறு குடிக்கும், உடனே விட்டுவிட்டு வீறிட்டு அழும். பால் போதவில்லையோ என்று தாய் பதறுவாள். பெரும்பாலும் காரணம் பால் அல்ல, மூக்கு.

பிறந்து சில மாதங்கள் வரை குழந்தைகள் ஏறக்குறைய மூக்கால் மட்டுமே சுவாசிக்கிறார்கள். குரல்வளை மேலே ஏறி அமைந்திருப்பதால், பால் குடித்துக்கொண்டே மூச்சு விட அவர்களால் முடிகிறது. மூக்கு அடைத்தால் இரண்டில் ஒன்றை நிறுத்தியாக வேண்டும். குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், சீராகப் பாயும் காற்றுக்கு ஏற்படும் தடை 16 மடங்காகும் என்கிறது இயற்பியல். நமக்குத் தெரியவே தெரியாத அளவு வீக்கமும் துளிச் சளியும் அந்தச் சின்ன மூக்கை முழுதாக அடைத்துவிடுவது இதனால்தான்.

இதற்கு உதவும் மருந்து மிக எளியது: உப்புநீர்ச் சொட்டு. மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும். குப்பியின் மேல் சோடியம் குளோரைடு 0.65 அல்லது 0.9 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். வேறு மருந்துப் பெயர் எதுவும் இருக்கக் கூடாது. இதைக் கட்டாயம் படித்துப் பாருங்கள். அதே அலமாரியில், அதே அளவுக் குப்பியில், சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டுகளும் இருக்கும். அவை ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூக்கைத் திறப்பவை. மருத்துவர் சொல்லாமல் கைக்குழந்தைக்கு அவற்றை விடக் கூடாது.

பால் கொடுப்பதற்குச் சற்று முன், குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, ஒவ்வொரு நாசியிலும் இரண்டு சொட்டு விடுங்கள். ஒரு நிமிடம் பொறுத்தால் காய்ந்த சளி இளகும். தும்மலோடு வெளியே வந்தால் மெல்லிய துணியால் துடைத்தால் போதும். வரவில்லையென்றால் ரப்பர் உறிஞ்சியைப் பயன்படுத்தலாம்: குமிழை வெளியிலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனியை நாசி வாயிலில் மட்டும் வைத்து, பிடியை மெதுவாகத் தளர்த்த வேண்டும். ஒரு நாளில் மூன்று நான்கு தடவைக்கு மேல் உறிஞ்சினால் உள்தோல் புண்ணாகி, அதனாலேயே வீங்கும். வாயால் உறிஞ்சி எடுப்பதும் ஊதுவதும் வேண்டாம். நம் வாயிலிருக்கும் கிருமி நேரே உள்ளே போய்விடும்.

கேரளத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. கிணற்று நீரையோ குழாய் நீரையோ அப்படியே குழந்தையின் மூக்கில் விடாதீர்கள். 2024ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நெய்யாற்றின்கரைப் பக்கம் இளைஞர்கள் பலருக்கு அமீபா மூளைக்காய்ச்சல் வந்தது. சந்தேகம் அவர்கள் குளித்த குளத்தின் மீது விழுந்தது. 2025 மழைக்காலத்தில் கோழிக்கோடு மாவட்டத்தில் மூன்று மாதக் குழந்தையே அந்த நோய்க்குப் பலியானது. அங்கே சந்தேகத்துக்கு உள்ளானது வீட்டுக் கிணறு. அதன் பிறகு மாநிலம் முழுக்கக் கிணறுகளில் குளோரின் போட்டார்கள். நெக்லேரியா ஃபௌலேரி என்ற அமீபா, குடிக்கும் நீரோடு வயிற்றுக்குப் போனால் நோய் தருவதில்லை. மூக்கில் ஏறினால்தான் ஆபத்து: முகர்வு நரம்பைப் பற்றிக்கொண்டு, சல்லடை போன்ற மெல்லிய எலும்பைக் கடந்து மூளையை அடைகிறது. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய் நீரால் மூக்கைக் கழுவிய இருவர் இப்படித்தான் இறந்தார்கள். குளிப்பாட்டும்போதும் முகத்தில் நீரை வீசி ஊற்றாமல், கொதித்து ஆறிய நீரில் நனைத்த துணியால் துடைப்பது நல்லது.

எண்ணெயும் வேண்டாம். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் அதை இருமி வெளியேற்றக் குழந்தையால் முடியாது. அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்ட இந்தப் பாதிப்பு 1973லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கற்பூரம் கலந்த தைலங்களை இரண்டு வயதுக்கு முன் நெஞ்சிலோ மூக்கிலோ தடவக் கூடாது. கற்பூரம் தோல் வழியாகவும் உடலில் ஏறும், வலிப்பையும் வரவழைக்கும். சாம்பிராணிப் புகை அடைப்பைக் கூட்டத்தான் செய்யும்.

குளித்ததும் உச்சியில் ராஸ்னாதி என்ற ஆயுர்வேதப் பொடியைத் தேய்ப்பது இந்த ஊர்ப் பாட்டிமாரின் வழக்கம். அதை விட மனமில்லாதவர்கள், தூள் பறந்து மூக்கில் போகாதபடி துளியளவு தொட்டு வைக்கட்டும். ஆனால் பனிக்கூர்க்கைச் சாறு, அதாவது நம் கற்பூரவல்லி, ஆறு மாதம் வரை கூடாது. அதுவரை தாய்ப்பால் மட்டுமே. தேன் ஒரு வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும்.

சளி மருந்து கேட்டுக் கடைக்கு ஓடுவதையும் நிறுத்த வேண்டும். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்கள் குடித்த இருமல் சிரப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டை எத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு இருந்தது. அந்த அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் இயக்ககம், இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ வழங்கவோ கூடாது என்று அறிவுறுத்தியது. நஞ்சு கலக்காத சிரப்பும் இந்த வயதில் சளியைச் சீக்கிரம் குணமாக்குவதில்லை. சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் தானே அடங்கும்.

அடங்காத சளியை அடையாளம் காண, அழாமல் இருக்கும் நேரத்தில் குழந்தையின் சட்டையைத் தூக்கி, மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகமான மூச்சு. விலாவின் கீழ் குழி விழுந்தாலும், நாசி விடைத்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பாலே குடிக்காவிட்டாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காமல் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐ அழையுங்கள்.