விண்டோஸ் 10 விடைபெற்ற பின்னர் தோட்டப்புறக் கணினிகளின் கதி என்ன?

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டப்புற வீடுகளுக்குக் கணினி என்பது நெடுங்காலம் எட்டாத பொருளாகவே இருந்து வந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டு, கற்பித்தல் இணையவழிக்கு மாறியபோது நிலைமையும் மாறத் தொடங்கியது. நகைகளை அடகு வைத்தும், சீட்டுப் பிடித்தும், மத்திய கிழக்கில் பணிபுரியும் உறவினரின் உதவியைப் பெற்றும் பெற்றோர் பிள்ளைகளுக்காகக் கணினி வாங்கினர். யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை போன்ற பிரதேசங்களில் இவ்வாறு வீடுகளுக்கு வந்து சேர்ந்தவற்றுள் பல, அலுவலகங்களில் பாவித்துக் கழிக்கப்பட்ட பழைய கணினிகளாகும். மாவனெல்லை, ஹெம்மாத்தகமை போன்ற ஊர்களிலுள்ள சிறு வியாபாரிகளின் கடைகளிலும் இத்தகைய கணினிகளே கணக்கு வழக்குகளைச் சுமக்கின்றன.

இக்கணினிகளின் உரிமையாளர்களை இன்று ஒரு கேள்வி வாட்டுகின்றது. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதி வெளியிட்ட விண்டோஸ் 10 என்ற இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. பாடசாலை நூல்களில் ‘பணிசெயல் முறைமை’ எனக் குறிப்பிடப்படும் இயங்குதளமே கணினியின் ஏனைய மென்பொருட்கள் யாவற்றையும் தாங்கி நிற்பது. அதனை மாற்றுவதா, அன்றேல் இருப்பதைக் கொண்டே காலத்தை ஓட்டுவதா? புதிய கணினியே வாங்க வேண்டும் என்கின்றனர் கடைக்காரர் சிலர். எதுவும் செய்யத் தேவையில்லை என்கின்றனர் அயலவர். பணம் கொடுக்கத் தேவையற்ற லினக்ஸுக்கு மாறுங்கள் என்கின்றனர் இளைஞர். இம்மூன்றில் எதுவும் எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் விடையன்று என்பதே எமது கருத்தாகும்.

ஆதரவு நிறுத்தப்பட்டது என்பதன் பொருளை முதலில் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். அத்திகதிக்குப் பின்னர் கணினி இயங்காமல் நின்றுவிடவில்லை. கோப்புகள் அழிந்துவிடவுமில்லை. நின்றுபோனது ஒன்றே ஒன்றுதான்: இயங்குதளத்தில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்தத் திருத்தங்கள் இனித் தாமாக வந்து சேரமாட்டா. விண்டோஸ் 10உடன் வரும் டிஃபென்டர் வைரஸ் தடுப்புக்கான தரவுகள் 2028ஆம் ஆண்டு வரை வழங்கப்படும் என மைக்ரோசொப்ட் அறிவித்திருப்பது உண்மையே. ஆனால் காவலாளிக்குத் திருடர்களின் படங்களைக் கொடுப்பது வேறு, இடிந்த மதிலைக் கட்டுவது வேறு. டிஃபென்டர் அறிந்த திருடனைப் பிடிக்கும். மதிலிலுள்ள ஓட்டையை அதனால் அடைக்க முடியாது.

இது வீண் அச்சமா என்று கேட்போர் 2017ஆம் ஆண்டைச் சற்று நினைவுகூர வேண்டும். அவ்வாண்டு மே 12ஆம் திகதி பரவத் தொடங்கிய ‘வன்னாக்ரை’ எனும் கணினிப் புழு, கோப்புகளைப் பூட்டி வைத்துக் கப்பம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரித்தானியாவின் அரச வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அப்புழு நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, 2017 மார்ச்சில் வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரும்பாலானவை அப்போது ஆதரவு பெற்று வந்த விண்டோஸ் 7 கணினிகளாகும். திருத்தம் வெளிவந்தும் அவற்றில் அது நிறுவப்பட்டிருக்கவில்லை. ஆகவே, புதிய பதிப்பை வைத்திருப்பது மாத்திரம் பாதுகாப்பன்று. திருத்தங்கள் வெளிவருவதும், வந்தவை நம் கணினியில் ஏறுவதும் ஆகிய இரண்டும் வேண்டும். டேட்டா செலவை மிச்சப்படுத்துவதற்காகத் திருத்தங்களை நிறுத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் இதனைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

இனித் தெரிவுகளைப் பார்ப்போம். முதலாவது, விண்டோஸ் 11. 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி வெளியான இப்பதிப்பு, முறையான உரிமம் பெற்ற விண்டோஸ் 10 வைத்திருப்போருக்கு இலவசமாகவே கிடைக்கின்றது. ஆனால் அது கேட்கும் வன்பொருள்தான் சிக்கல். 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் பெரிய நிபந்தனைகள் அல்ல. டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், பட்டியலில் இடம்பெற்ற செயலியும் வேண்டும் என்பதே பலரைத் தடுக்கின்றது. இன்டெல் செயலிகளில் பொதுவாக 2017இல் வெளிவரத் தொடங்கிய எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. ஐ5-3470, ஐ5-4570 போன்ற எண்களைக் கொண்டவை முறையே மூன்றாம், நான்காம் தலைமுறையைச் சேர்ந்தவை. கழிக்கப்பட்ட அலுவலகக் கணினிகள் பலவற்றில் இருப்பவை இத்தகைய செயலிகளே.

மைக்ரோசொப்ட் இலவசமாக வழங்கும் ‘பிசி ஹெல்த் செக்’ எனும் சிறு மென்பொருளை இயக்கினால், கணினி தகுதி பெறுகின்றதா என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தகுதியில்லை என அது கூறினாலும் உடனே மனந்தளர வேண்டாம். எட்டாம் தலைமுறைக்குப் பிந்திய கணினிகள் சிலவற்றில் டி.பி.எம். வசதி இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். விடயமறிந்த ஒருவரைக் கொண்டு பயோஸ் அமைப்பில் அதனை இயக்கிக்கொள்ளலாம். ஆயின், தகுதியற்ற கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றித் தருவதாகக் கூறுவோரிடம் எச்சரிக்கை தேவை. அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என மைக்ரோசொப்ட் கூறியுள்ளது. திருத்தத்தை நாடி மாறியவர் மீண்டும் திருத்தமற்றவராவதில் என்ன பயன்?

இரண்டாவது தெரிவு, கால அவகாசம். விண்டோஸ் 10 வைத்திருக்கும் வீட்டுப் பாவனையாளருக்கு 2026ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கும் நீடிப்புத் திட்டமொன்றை மைக்ரோசொப்ட் அறிவித்தது. அதன் விலை 30 அமெரிக்க டொலர், அதாவது ஏறத்தாழ ஒன்பதாயிரம் ரூபாவாகும். 2024இல் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்சம்பளத்தின்படி இது ஒரு தோட்டத் தொழிலாளியின் ஏறக்குறைய ஏழு நாள் உழைப்பு. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்ட 1750 ரூபாவின்படி பார்த்தாலும் ஐந்து நாள் உழைப்பு. ஆனால் மைக்ரோசொப்ட் கணக்கொன்றின் மூலம் கணினியில் நுழைந்து, அமைப்புகளை இணையத்தில் பிரதி செய்ய ஒப்புக்கொள்வோருக்குப் பணமின்றியே இது வழங்கப்படும் என்பதும் அத்திட்டத்தின் ஓர் அம்சமாகும். பணம் கேட்டு இதனைப் பதிவு செய்து தருவதாகக் கூறுவோரிடம் ஏமாற வேண்டியதில்லை. எவ்வாறாயினும் இது நிரந்தரத் தீர்வன்று. சிந்திப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் மாத்திரமே.

மூன்றாவது தெரிவு, லினக்ஸ். 1991ஆம் ஆண்டு பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்த இம்முயற்சி இன்று உலகின் மாபெரும் கணினி நிலையங்களையும், அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளையும் இயக்குகின்றது. அயலிலுள்ள கேரள மாநிலத்தின் அரச பாடசாலைகள் பல ஆண்டுகளாக லினக்ஸ் அடிப்படையிலான இயங்குதளத்திலேயே கணினிக் கல்வியை வழங்கி வருகின்றன. லினக்ஸ் மின்ட் 22 போன்ற பதிப்புகள் பழைய கணினிகளிலும் நன்கு இயங்குகின்றன. அவற்றுக்கு 2029ஆம் ஆண்டு வரை இலவசத் திருத்தங்கள் உண்டு. பென்டிரைவ் ஒன்றில் ஏற்றி, உள்ளேயிருக்கும் விண்டோஸைத் தொடாமலே இயக்கிப் பார்க்க முடிவது இதன் பெருஞ்சிறப்பாகும். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம், பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளம், வாட்ஸ்அப் ஆகியவை உலாவியின் ஊடாகவே இயங்குவதால் மாணவருக்குத் தடையேதும் இல்லை.

எனினும் லினக்ஸின் குறைகளையும் மறைத்தலாகாது. கடையில் பாவிக்கப்படும் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென எழுதப்பட்டதாயின், அது லினக்ஸில் இயங்காமற் போகலாம். சில அச்சுப்பொறிகள் ஒத்துழைக்கமாட்டா. வேர்ட் கோப்புகள் லிப்ரே ஒபிஸில் திறக்குமாயினும் பக்க அமைப்புச் சற்றுக் குலையலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுது ஏற்பட்டால் சரிபார்க்கத் தெரிந்தவர் அருகில் இருக்கின்றாரா என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதுவோருக்குத் தனியாக ஒரு குறிப்பு. யுனிகோட் தமிழ் இவ்விரு இயங்குதளங்களிலும் சிக்கலின்றி இயங்கும். தமிழ் 99 விசைப்பலகையும் இரண்டிலும் உண்டு. ஆனால் எமது ஆசிரியர்களும் அச்சகத்தாரும் தயாரித்த பயிற்சி வினாத்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் அமைந்தவை. புதிய இயங்குதளத்தில் அவ்வெழுத்துரு இல்லாவிடின் அவை யாவும் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். இது கண்டு கோப்புகள் பழுதடைந்தன என எண்ணி அழித்துவிடலாகாது. பாமினி எழுத்துருக் கோப்பை முன்கூட்டியே பிரதி எடுத்து வைத்துக்கொண்டால் எந்த இயங்குதளத்திலும் அதனை நிறுவிக்கொள்ளலாம்.

எத்தெரிவாயினும் முதல் வேலை, பிள்ளைகளின் குறிப்புகள், சான்றிதழ்ப் பிரதிகள், குடும்பப் படங்கள், கடைக் கணக்குகள் ஆகியவற்றை வேறோர் இடத்தில் பிரதி எடுப்பதாகும். மாற்றும் நேரமும் முக்கியம். இடைப்பருவக் காலமான ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் சப்ரகமுவவில் பிற்பகல் வேளைகளில் இடிமின்னல் வழக்கமானது. யு.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில் இயங்குதளம் ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் கணினி மீண்டும் இயங்காமற் போகவும் கூடும். காலை வேளையில், வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே இப்பணியைத் தொடங்குவது நல்லது. பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கும் மாணவரின் கணினியில் அப்பரீட்சை முடியும்வரை கைவைக்காதிருப்பது அதனினும் நல்லது.

அனுமதியற்ற விண்டோஸ் பிரதிகள் பற்றியும் கூறியாக வேண்டும். சில நூறு ரூபாவுக்கு ஏற்றித் தரப்படும் இப்பிரதிகளில் உரிமத்தை ஏய்ப்பதற்காகச் சேர்க்கப்படும் நிரல்களே வைரஸைக் காவி வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. வங்கிக் கணக்கை இணையவழியில் கையாள்வோர் இதனை முற்றாகத் தவிர்க்க வேண்டும். பணம் கொடுத்து உரிமம் வாங்க இயலாதவருக்கு நேர்மையான மாற்றுவழியாக லினக்ஸ் இருக்கின்றது.

சுருங்கக் கூறின், கணினி தகுதி பெறுமாயின் விண்டோஸ் 11க்கு மாறுவதே இலகுவானது. தகுதி பெறாத கணினி மாணவர் ஒருவரின் படிப்புக்கு மாத்திரம் பாவிக்கப்படுமாயின் லினக்ஸ் போதுமானது. விண்டோஸ் மென்பொருளில் தங்கியுள்ள சிறு வியாபாரிகள் நீடிப்புத் திட்டத்தின் அவகாசத்துக்குள் வேறு கணினிக்குப் பணம் சேர்க்கத் திட்டமிட வேண்டும். எதுவும் செய்ய இயலாதவர்கள் அக்கணினியை இணையத்திலிருந்து விலக்கி, எழுத்து வேலைகளுக்கும் பாடங்களுக்கும் மாத்திரம் பயன்படுத்தலாம். பழைய கணினியில் வங்கி அலுவல்களைத் தொடர்வதே மிகவும் ஆபத்தான தெரிவாகும்.

பல ஜிகாபைட் அளவுள்ள நிறுவற் கோப்பைத் தோட்டத்திலுள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் தரவிறக்க வேண்டியதில்லை. ஒருமுறை தரவிறக்கி ஒரு பென்டிரைவில் ஏற்றினால் ஊர் முழுவதற்கும் அது உதவும். பாடசாலைத் தகவல் தொழில்நுட்ப ஆசிரியர்களும், பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் பயிலும் எமது மாணவர்களும், ஆலய பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிர்வாக சபைகளும் முன்வந்து ஞாயிற்றுக்கிழமையொன்றை இதற்கென ஒதுக்குவார்களாயின், பெற்றோர் பெரும்பாடுபட்டு வாங்கிய கணினிகள் மேலும் சில ஆண்டுகளுக்குப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகப் பயன்படும். பொறுப்பு வாய்ந்தோர் இதனைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.