சீல் மாற்றியும் ஆயில் கசிகிறதா?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் உழுதுவரும் பழைய டிராக்டர்களில், பின் அச்சின் ஆயில் சீலை மாற்றிய சில நாட்களிலேயே மீண்டும் கசிவு காண்பதுண்டு. சீல் மட்டம் என்று உழவர்கள் உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதலில் பிரீதர் எனப்படும் காற்றுப்போக்கியைப் பாருங்கள். சேறும் தூசியும் அதை அடைத்துக்கொண்டால், சூட்டில் விரியும் உள்காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியே தள்ளும். அதைக் கழற்றி டீசலில் கழுவுக. குறிக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் கசியும்.

அடுத்து, அச்சில் சீல் உராயும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தடுக்கினால் பள்ளம் விழுந்துள்ளது. அங்கே புதுச் சீலும் நிற்காது. அதன்மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்ற வேண்டும்.

மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி ஆட்டிப் பாருங்கள். நட்டுகள் இறுகியிருந்தும் ஆடினால் பேரிங் தேய்ந்துள்ளது. அதை விட்டுவிட்டுச் சீலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

சீலின் சுருள் கம்பி உள்ள பக்கம் ஆயிலை நோக்கி இருக்கட்டும். விளிம்பில் ஆயில் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குக.

உலர் பிரேக் உள்ள வண்டிகளில் கசியும் ஆயில் லைனிங்கை நனைத்துவிடும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்து வண்டி இழுக்கும். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும்போது இது உயிருக்கே ஆபத்து. நனைந்த லைனிங்கைத் துடைத்துப் போடாமல் புதிதாக மாற்றிவிடுக.