பழைய வீட்டில் புதிய சுவர்

பெங்களூருவில் 1898ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபின், நெரிசல் மிகுந்த பேட்டைப் பகுதியை விட்டு மக்கள் பலர் பசவனகுடியிலும் மல்லேசுவரத்திலும் குடியேறினர். அங்கு எஞ்சியுள்ள பழைய வீடுகளில் கூடங்கள் அகன்றவை, அறைகளோ சில. குடும்பம் பெருகும்போது கூடத்தின் நடுவே ஒரு தடுப்புச் சுவர் எழுப்ப விரும்புவது இயல்பே. செங்கல்லுக்கும் கொத்தனாருக்கும் பஞ்சமில்லை. அச்சுவரைத் தாங்கப்போவது எது என்பதையே முதலில் ஆராய வேண்டும்.

இத்தகைய வீடுகள் சிலவற்றின் மாடித்தளம் 'மெட்ராஸ் டெரஸ்' முறையில் அமைந்தது. ஓர் அடி முதல் ஒன்றரை அடி இடைவெளியில் மரக்கட்டைகளைப் பரப்பி, அவற்றின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் காரையில் குறுக்குச் சாய்வாக நிறுத்தி, செங்கல் ஜல்லியிட்டு மேல்தளம் அமைப்பர். மனிதர், கட்டில், பெட்டி ஆகியவற்றின் எடையை அது எளிதில் தாங்கும். செங்கற்சுவரின் எடை வேறு வகையானது. நாலரை அங்குலத் தடிப்பும், 3 மீட்டர் நீளமும், 3 மீட்டர் உயரமும் உடைய சுவர், பூச்சுடன் சேர்ந்து 2 டன்னுக்கு மேல் இருக்கும். முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே வரிசையில் இரவும் பகலும் நகராமல் நிற்பதற்கு அது ஒப்பாகும். மனிதர் நகர்ந்துவிடுவர், சுவர் நகராது. நீங்காத சுமையால் மரம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வளையும். விரிசல் பின்னரே கண்ணில் படும்.

சுவர் செல்லும் திசையும் முக்கியமானது. கீழ் அறையில் நின்று மேலே நோக்கினால் கட்டைகளின் போக்கு தெரியும். அவற்றுக்குக் குறுக்காகச் சுவர் சென்றால் எடையைப் பல கட்டைகள் பகிர்ந்துகொள்ளும். இணையாக, இரு கட்டைகளுக்கு நடுவே அமைந்தால், முழு எடையும் இடையிலுள்ள செங்கல் நிரப்பின்மேல் விழும். இதுவே மிகவும் ஆபத்தானது. கீழ்த்தளச் சுவருக்கு நேர் மேலே அமைப்பதே சிறந்த வழி. அது இயலாவிடில், இரு முனைகளும் தாங்கு சுவர்களின்மேல் பதியுமாறு இரும்பு உத்தரம் ஒன்றைக் கீழே பொருத்தலாம். அதன் அளவைக் கட்டடப் பொறியாளரே கணக்கிட வேண்டும். கண்மதிப்பு இங்கு உதவாது. சுவரினுள் புதைந்துள்ள கட்டை முனைகளைக் கரையானோ ஈரமோ அரித்திருக்கிறதா என்பதையும் அவர் பார்த்துவிடுவார்.

எடையைக் குறைப்பது இதனினும் எளிது. உலோகச் சட்டத்தின் இருபுறமும் ஜிப்சம் பலகை பொருத்திய தடுப்பு, அதே அளவில் கால் டன் அளவே இருக்கும்.

தரைத்தளத்தில் மரக்கட்டை இல்லை. எனினும் கவலை உண்டு. சிவப்புக் காவித் தரையின்கீழ் இருப்பது பெரும்பாலும் இடித்து இறுக்கிய மண்ணே. அதன்மேல் நேரே செங்கற்சுவர் எழுப்பினால் தரை அமிழ்ந்து பிளக்கும். ஆகவே உறுதியான நிலம் வரை தோண்டிக் கருங்கல் கடைக்கால் இடுவர். அவ்வாறு தோண்டுகையில் உடையும் காவித் தரையைப் பழைய நிறத்துடன் ஒட்டுப்போட வல்ல கைவினைஞர் இன்று மிகச் சிலரே.

எங்குக் கட்டினாலும் சுவரின் உச்சியை மேல்தளத்தோடு இறுக்கி முட்டுக்கொடுக்கலாகாது. மேலுள்ள கட்டைகள் வளையும்போது அவற்றின் சுமையும் புதுச்சுவரின்மேல் இறங்கிவிடும். சிறு இடைவெளி விட்டு, மென்மையான பொருளால் அடைப்பதே வழக்கம்.