கேள்விப் பெட்டியும் இணையவாயிலும்: ஒரு வரைவிலக்கணம் பற்றிய குறிப்பு

ஒப்பந்த ஆவணங்களின் வரைவிலக்கணப் பகுதியைச் சொற்பொருள் விளக்கம் எனக் கருதிப் பெரும்பாலோர் வாசியாது கடந்துவிடுவர். ஆயின் அப்பகுதியிலேயே தரப்பினரிடையிலான அதிகார உறவு முதலில் நிலைநாட்டப்படுகின்றது. பொதுப் பெறுகை ஒப்பந்தங்களில் வழங்கும் 'இலத்திரனியல் கேள்விவாயில்' என்னும் தொடர் இதற்குத் தக்க சான்றாகும்.

அரச நிறுவனம் கேள்வி அழைப்பை வெளியிடுவதற்கும், கேள்விதாரர் விலைமனுக்களைச் சமர்ப்பிப்பதற்கும், திறக்கும் நேரம்வரை அவற்றைப் பூட்டிவைப்பதற்கும் பயன்படும் கணினித் தொகுதி என இது பொதுவாக வரையறுக்கப்படுகின்றது. 'அல்லது நிறுவனம் காலத்துக்குக் காலம் அறிவிக்கும் வேறு தொகுதி' என்ற சொற்களும் சேர்க்கப்படுவதுண்டு. வாயிலை மாற்றும் உரிமை இச்சொற்களால் ஒரு தரப்பினர்க்கே உரித்தாகின்றது.

சமர்ப்பித்தல் எக்கணத்தில் நிறைவேறுகின்றது? ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேச வர்த்தகச் சட்ட ஆணைக்குழு 1996இல் வெளியிட்ட இலத்திரனியல் வர்த்தக மாதிரிச் சட்டம், குறித்தொதுக்கப்பட்ட தொகுதிக்குள் செய்தி புகும் கணமே பெறப்பட்ட கணம் என்றது. இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டமும் அம்மரபில் வந்ததே. அனுப்புவோனின் முயற்சி ஈண்டு கணக்கில் இல்லை; வாயிலின் ஏற்பே கணக்கிலுள்ளது.

இதன் விளைவை இங்கிலாந்தின் லெட்பிற்றர் எதிர் டெவன் கவுண்டி சபை வழக்கு (2009) தெளிவாக்குகின்றது. கட்டட நிறுவனமொன்று தன் கேள்வியை வாயிலிற் பதிவேற்றியபோது, கோரப்பட்ட முன்னனுபவ விபரங்களை இணைக்கத் தவறிவிட்டது. ஒருவர் ஒருமுறை மட்டுமே சமர்ப்பிக்கலாம் என்பது வாயிலின் விதி. விடுபட்டவற்றை நிறுவனம் மின்னஞ்சலில் அனுப்பியது. அவை சபையின் கைக்கு எட்டின, வாயில்வழி வரவில்லை. சபை கேள்வியை நிராகரித்தது; நீதிமன்றமும் அதனைச் சரியென்றது. எல்லாக் கேள்விதாரரையும் சமமாக நடத்தல் வேண்டும் என்ற தத்துவம் அத்தீர்ப்பின் பின்னணியில் இருந்தது. அதனை எளிதில் மறுத்துவிட முடியாது.

எனினும் அச்சமத்துவம் எத்தகையது? சட்டவடிவம் பண்டப் பரிவர்த்தனையிலிருந்தே தோன்றுகின்றது எனவும், அது மனிதரைச் சமமான பண்ட உடைமையாளராகவே காண்கின்றது எனவும் சோவியத் சட்ட அறிஞர் பாஷுக்கானிஸ் 1924இல் விளக்கினார். கேள்விகளை நிரப்புவதற்கெனத் தனிப்பிரிவு வைத்திருக்கும் பெருநிறுவனமும், மேசனாகவும் கணக்கராகவும் தானே தொழிற்படும் சிற்றொப்பந்தகாரரும் வாயிலின் முன் 'பயனர்' என்ற ஒரே பெயரைப் பெறுகின்றனர். இணைப்பு அறுந்தால் நட்டம் யாருக்கு என்பதில் இச்சமத்துவம் குலைந்துவிடுகின்றது.

பழைய கேள்விப் பெட்டியை இலட்சியமாக்குவதும் தவறு. போட்டியாளரை மிரட்டித் தடுக்கவும், உறைகள் மறையவும் அது இடமளித்தது. ஆயினும் பெட்டியையும் சுவர்க் கடிகாரத்தையும் கேள்விதாரர் கண்ணாற் கண்டனர். வாயிலின் கடிகாரமோ சேவையகத்தினுள் இருக்கின்றது. தனியார் கம்பனி நடத்தும் வாயிலாயின் பதிவேடும் அதன் கையிலேயே.

வேறுவகை வரைவிலக்கணமும் சாத்தியமே. உக்ரேனின் 2015ஆம் ஆண்டுப் பெறுகைச் சட்டம், அரச வலைவாயிலையும் அதனோடு தகவல் பரிமாறும் அங்கீகரிக்கப்பட்ட பல தளங்களையும் சேர்த்தே 'தொகுதி' என்றது. கேள்விதாரர் எத்தளத்தினூடாகவும் நுழையலாம். 2016 ஆகஸ்ட் முதல் புறோசோறோ எனப்படும் இத்தொகுதி சகல பெறுகை நிறுவனங்களுக்கும் கட்டாயமாயிற்று. தளங்கள் கட்டணம் அறவிடும் தனியார் நிறுவனங்களாயிருப்பது அதன் முரண்பாடு.

நமது ஒப்பந்த வரைவாளர் வாயிலை வரையறுக்கும்போது அதன் முகவரியோடு நின்றுவிடலாகாது. எக்கடிகாரம் செல்லுபடியாகும், தோல்வியுற்ற பதிவேற்ற முயற்சிகளின் பதிவைக் கேள்விதாரர் கேட்டுப் பெறலாமா, வாயில் பழுதுற்றால் இறுதிநேரம் எல்லோருக்கும் நீடிக்கப்படுமா என்பனவும் அவ்வுறுப்புரையிலேயே எழுதப்படல் வேண்டும். கேள்வி நிராகரிக்கப்பட்ட பின்னர் இவற்றை எழுப்பும் சிற்றொப்பந்தகாரரிடம், வழக்காடுவதற்கு வேண்டிய பணம் பெரும்பாலும் இருப்பதில்லை.