கோதுமை விலக்கிய கடற்செலவு

செலவு என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிற் பயணம் என்பதே பொருள். கைப்பொருள் கரைவதை அச்சொல் குறிக்கத் தொடங்கியது பிற்கால வழக்கு. 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், இலண்டனில் வாழும் என் தங்கை குடும்பத்தாருடன் சவுதாம்டன் துறைமுகத்திற் கப்பலேறி, நோர்வே நாட்டுக் கடற்கரையைக் கண்டு மீண்ட ஏழு நாட் செலவில் அவ்விரு பொருளும் ஒருங்கே விளங்கின. பொருட்செலவு தங்கையின் கணவரைச் சார்ந்ததாதலின் அதனைப் பேச எனக்கு உரிமையில்லை. ஈண்டு எழுதப் புகுந்தது அக்கப்பலின் உணவைப் பற்றி. அதிலும் எங்களுள் ஒருத்தி உண்ணக்கூடாத உணவைப் பற்றி.

அவ்வொருத்தி தங்கையின் மகள். முறையால் எனக்கு மருமகள். பத்தொன்பது வயதுப் பல்கலைக்கழக மாணவி. பதினான்காம் வயதில் அவள் காரணமின்றி மெலிந்தாள், முகம் வெளிறினாள், பள்ளியில் இருமுறை மயங்கி விழுந்தாள். இரும்புச்சத்துக் குறைவென்று கூறி மாத்திரை கொடுத்தனர். மாத்திரை வயிற்றுக்குட் சென்றதேயன்றி உடம்பிற் சேரவில்லை. பின்னர் இரத்தத்தைச் சோதித்து, சிறுகுடலினின்று ஓர் அணுவளவு தசையெடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பார்த்தபோதே சீலியாக் நோய் என்று தெரிந்தது. கோதுமை, பார்லி, ரை என்னும் தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதம் இந்நோயாளர் குடலிற் பட்டவுடன், உடலின் காவற்படை தன் வீட்டையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. உணவை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்து மட்டமாகின்றன. உண்டது உடம்பிற் சேராமைக்குக் காரணம் இதுவே. உலகில் ஏறத்தாழ நூற்றுவருள் ஒருவருக்கு இந்நோய் உண்டு என்பர். மருந்து இல்லை. வாழ்நாள் முழுதும் அப்புரதத்தை விலக்கலே வழி.

குளூட்டன் என்பது இலத்தீன் மொழியிற் பசை என்று பொருள்படும் சொல். தமிழில் அதனைப் பசையம் என்னலாம். கோதுமை மாவைப் பிசைந்து, ஓடும் நீரிற் பிடித்துக் கழுவினால் மாப்பொருள் வெண்ணீராய்ப் போய்விடும். கையில் இழுபடும் திரணை ஒன்று எஞ்சும். அதுவே பசையம். பாண் பொங்குவதும், ரொட்டி கிழியாது விரிவதும் அதன் வலிமையால். (பாண் என்னும் சொல்லை நமக்குத் தந்தவர் போர்த்துக்கேயர். பழந்தமிழிற் பாண் என்றால் பாட்டு என்று வகுப்பிற் கூறியபோது, யாழ்ப்பாணத்தார்க்குக் காலையிலே இரண்டும் வேண்டும் என்றான் ஒரு மாணவன். அவனை நான் கடிந்துகொள்ளவில்லை.)

இந்நோயின் வரலாறு சுவையானது. இலண்டனிற் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் மருத்துவமனையிற் பணியாற்றிய சாமுவேல் கீ என்பார் 1887இல் ஆற்றிய விரிவுரை, அடுத்த ஆண்டில் அச்சேறியது. நோய் தீருமாயின் உணவினாலேயே தீரும் என்று அவர் கண்டார். கண்டும் என்ன பயன்! அரிசி ஆகாது என்று தள்ளி, இருபுறமும் நன்றாக வாட்டிய மெல்லிய பாண் துண்டை அனுமதித்தார். ஒரு குழந்தைக்கு நாள்தோறும் ஒரு லீற்றருக்கு மேற்பட்ட ஒல்லாந்து மட்டி கொடுத்தபோது அது வியக்கத்தக்கவாறு தேறியதாம். மட்டிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பியதாம். அடுத்த பருவத்தில் அக்குழந்தை மட்டியைத் தொடவே மறுத்துவிட்டதாம். மட்டியிற் கோதுமை இல்லை என்பதே அதன் குணம் என்று அன்று யார் அறிந்தார்?

அறிந்து கூறியவர் அந்த மட்டி வந்த நாட்டைச் சேர்ந்தவர். நம் கரையோரங்களை ஒருகாலத்தில் ஆண்ட ஒல்லாந்தரின் வழிவந்தவர். ஹேக் நகரத்துச் சிறுவர் மருத்துவர் வில்லெம் கரெல் டிக்கே என்பவர், இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே கோதுமையின்மீது ஐயங்கொண்டு அதனை நீக்கிப் பார்த்து வந்தார். 1944ஆம் ஆண்டு இறுதியில் நெதர்லாந்தைப் பெரும்பஞ்சம் பற்றியது. பாண் அரிதாயிற்று, மக்கள் தூலிப் பூவின் கிழங்கையும் உண்டனர். ஊரெல்லாம் பட்டினியால் வாடிய காலத்தில் இந்நோய்க் குழந்தைகள் மட்டும் நலிவு நீங்கின. பாண் திரும்ப வந்ததும் நோயும் உடன் வந்தது. தம் ஆய்வை 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டத்துக்கு அளித்தார் டிக்கே.

நிற்க. கப்பலும் கோதுமையும் பழைய உறவினர். பாய்க்கப்பற் காலத்து மேனாட்டு மாலுமிக்குக் கோதுமை மாவிற் சுட்ட வன்பிசுக்கோத்தே நாளாந்த உணவு. இன்றைய உல்லாசக் கப்பலில் அவ்வறுமை இல்லை. ஆனாற் கோதுமை குறையவுமில்லை. விடியற்காலையிற் பாணும் பணியாரமும், பிற்பகலிற் கேக்கு, நள்ளிரவிலும் பீட்சா. ஏறத்தாழ 3,000 பேர் உண்ணும் ஊர் ஒன்று நீரில் மிதந்து செல்வதாகக் கருதிக்கொள்க. நிலத்தில் ஒரு கடை ஒவ்வாவிடின் அடுத்த கடையை நாடலாம். நடுக்கடலில் அது நடவாது. ஆகவே கப்பலேறுதற்குப் பல வாரங்கள் முன்னரே நோயைக் கப்பலார்க்கு எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தங்கை அறிவித்திருந்தாள்.

முதல் இரவிலேயே பரிசாரகர் தலைவர் எங்கள் மேசைக்கு வந்தார். கோவாவைச் சேர்ந்தவர், கடலிற் பல்லாண்டு கழித்தவர். மறுநாள் இரவு உணவுப் பட்டியலை மருமகள் முன் வைத்து, எதை விரும்புகிறாய் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். அவளுடைய உணவு தனிப் பாத்திரத்திற் சமைக்கப்படும். வேறு தட்டில் மூடி வரும். ஒவ்வோர் இரவும் இம்முறையே நடந்தது. அவர்கள் உரையாடலைக் கேட்டிருந்த எனக்கு அது ஒரு நிகண்டுப் பாடம்போல இருந்தது. கோதுமை எத்தனை பெயரில், எத்தனை வேடத்தில் வருகிறது! சூப்பைத் தடிப்பாக்குவது கோதுமை மா. சோயா சோஸிற் கோதுமை. நண்டென்று சொல்லி விற்கும் குச்சியிற் கோதுமை. உருளைக்கிழங்கு குற்றமற்றது, ஆயின் மாத்தோய்த்த மீன் பொரித்த எண்ணெயிலே அதனையும் பொரித்தாற் குற்றம் ஒட்டிக்கொள்ளும். பிறர் பாண் வாட்டிய பொறியில் அவளுடைய பாணை வாட்டலாகாது. ஒரு கிலோகிராம் உணவில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாத பசையம் இருந்தாலே அதனைப் பசையமற்றது என்று ஐரோப்பாவில் விற்கலாம். இருபது மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகையிலும் மிகச் சிறிய பங்கு.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்தும் எனக்கு ஒரு கூச்சம் நீங்கவில்லை. இலையிட்டவரை நோக்கி இதில் என்ன இட்டாய் என்று வினவுதல் நம்மவர் மரபன்று. விருந்தோம்பியவரை ஐயுறுதல் போன்றது அது. அவள் ஒவ்வொரு வேளையும் அவ்வாறு வினவியபோது, பக்கத்து மேசையினர் திரும்பிப் பார்க்கிறார்களோ என்று நான் என் தட்டை நோக்கிக் குனிந்திருந்தேன். இதனை எழுத வெட்கமாயிருக்கிறது. அடுத்து எழுதவேண்டியது இதனினும் வெட்கமானது.

நான்காம் நாட் காலை கப்பல் கைராங்கர் என்னும் நீள்குடாவினுள் நுழைந்துகொண்டிருந்தது. காலையுணவு மட்டும் தாமே எடுத்துண்ணும் வகையில் வைக்கப்படும். மருமகள் தளத்தில் நின்று மலைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உணவு கொண்டுசென்று கொடுப்போம் என்று எண்ணினேன். அவித்த முட்டை, பழம் ஆகியவற்றோடு, பாலாடைக் குழம்பில் இட்ட காளான் என்னும் ஒன்றையும் தட்டில் எடுத்தேன். காளான், பால், வெண்ணெய். இதிற் கோதுமைக்கு வேலை யாது? ஐயம் ஒருகணம் எழுந்தது. கேட்கலாம். ஆனால் எனக்குப் பின்னே நீண்ட வரிசை. முன்னே நிற்பவரோ இளம் ஆங்கிலேயர். என் ஆங்கிலமோ புத்தகத்து ஆங்கிலம். கேளாமலே நடந்தேன்.

"மாமா, கேட்டனீங்களோ?" என்றாள் தட்டை வாங்கும்போது.

தலையசைத்தேன். முப்பதாண்டு மாணவர்க்கு வாய்மை கற்பித்த தலை அது.

இரண்டு மணிநேரத்தில் அவள் வாந்தியெடுத்தாள். பின்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஏழு சகோதரிகள் என்று பெயர் பெற்ற அருவி பாறையினின்று ஏழு கீற்றாக விழுவதை நாங்கள் கண்டோம் என்று சொல்ல ஆசை. தங்கை மகளின் அறையில் இருந்தாள். நான் அறைக்கு வெளியே, சாளரமில்லாத நடைவழியில் நின்றேன். பிற்பகலிற் பரிசாரகர் தலைவரைத் தேடிச் சென்று வினவினேன். அக்குழம்பு கோதுமை மாவை வெண்ணெயில் வறுத்துத் தடிப்பாக்கியது என்றார். அவர் கோபிக்கவில்லை, கேட்டிருந்தாற் சொல்லியிருப்போமே என்று மட்டும் சொன்னார்.

காந்தியடிகள் 1888ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது பத்தொன்பது வயதும் நிரம்பாத இளைஞர். புலாலுண்ணேன் என்று தாய்க்கு வாக்களித்திருந்தார். எந்தப் பண்டத்திற் புலால் இல்லை என்று வினவத் துணிவின்றி, பொதுப் பந்திக்கே செல்லாமல், கொண்டுசென்ற இனிப்பையும் பழத்தையும் அறையில் இருந்து உண்டதாகத் தம் சரிதத்தில் எழுதியுள்ளார். அவருடைய கூச்சம் அவரையே பட்டினியிட்டது. என் கூச்சத்துக்குப் பிறர் பிள்ளை பலியானாள்.

அன்றிரவு, பத்து மணியாகியும் வானில் வெளிச்சம் மறையாத வேளையில், அவளிடம் சென்று நடந்ததை உள்ளவாறே கூறினேன். அவள் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, "இனித் தெரியாதெண்டு சொல்லுங்கோ மாமா. தெரியாதெண்டால் நான் சாப்பிடமாட்டன். அவ்வளவுதான்" என்றாள். பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு முழுவதும் தோழியரோடு உண்ணப் போகாமல், அறையிலிருந்து சோற்றப்பம் தின்ற கதையை அப்போதுதான் சொன்னாள். கேட்பது அவளுக்கும் எளிதாக வந்ததன்று.

மறுநாள், நலிந்த வயிற்றுக்குச் சோறும் பருப்பும் ஆக்கித் தருவதாக இந்தியச் சமையற்காரர் ஒருவர் தாமாகவே முன்வந்தார். எனக்கு உயிர் வந்தது. நம் சோறு, நம் பருப்பு. இதிற் கோதுமை புகாது என்று மகிழ்ந்தேன். அவர் சேர்ப்பன எல்லாம் சொல்லி வந்தார்: துவரம்பருப்பு, மஞ்சள், சீரகம், கடுகு, பெருங்காயம். மருமகள் கையை உயர்த்தினாள். பெருங்காயத் தகரத்தைக் கொண்டுவர முடியுமா என்றாள். கொண்டுவந்தார். நான் கண்ணாடியை மாட்டி வாசித்தேன். கோதுமை மா என்று அச்சிட்டிருந்தது.

பெருங்காயம் ஈரான், ஆப்கானிஸ்தான் முதலிய நாடுகளில் வளரும் ஒரு செடியின் வேரினின்று வடியும் பிசின். தனியே அது பெரும் வீறுடையது, கையில் ஒட்டும், இலகுவிற் பொடியாகாது. ஆதலின் மாவும் வேலம்பிசினும் கூட்டிப் பொடியாக்கி விற்கிறார்கள். சிலர் அரிசி மா சேர்ப்பர். பலர் சேர்ப்பது கோதுமை மா. அரை நூற்றாண்டாக இரசத்தில் மணத்தோடு அதனையும் பருகி வந்திருக்கிறேன். திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறவன் நான். ஒவ்வாததை விலக்கி அளவோடு உண்பார்க்கு நோயில்லை என்னும் கருத்தை விளக்கும்போதெல்லாம் அளவைப் பற்றியே அதிகம் பேசுவேன். ஒவ்வாததை அறிவது எங்ஙனம் என்று எந்த மாணவனும் கேட்டதில்லை, நானும் எண்ணியதில்லை. சமையற்காரர் பெருங்காயத்தை விடுத்து உள்ளியைத் தட்டிப் போட்டு ஆக்கினார். அவள் முழுவதும் உண்டாள்.

துறைமுகங்களைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. பேர்கன் நகரில் மழை. அங்குள்ள கடைகளிற் குளூட்டன்பிறி என்று நோர்வே மொழியில் எழுதிய பொதிகள் எளிதிற் கிடைத்தன. ஓர் உணவுக்கடையில் மீன்சூப்புக்கு மாச் சேர்த்தார்களா என்று வினவவேண்டியிருந்தது. வினவியவன் நான். பின்னால் வரிசை இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று நின்றேன். சேர்த்திருக்கிறோம் என்றாள் கடைக்காரி. நன்றி கூறி வெளியேறினோம்.

அவ்வாண்டு மார்கழியில் மருமகள் யாழ்ப்பாணம் வந்தாள். நம் நாட்டிற் கோதுமை விளைவதில்லை. எனினும் நம் புட்டிலும் இடியப்பத்திலும் அது குடியேறி நெடுங்காலமாயிற்று. எங்கள் வீட்டு நீத்துப்பெட்டியிற் கோதுமை மாப் புட்டு அவித்த நாட்களே மிகுதி. ஓலைப் பின்னலின் இடுக்கிற் புகுந்த மாவை எப்படிக் கழுவினும் போக்க இயலாது. ஆகவே மனைவி திருநெல்வேலிச் சந்தைக்குச் சென்று புதிய நீத்துப்பெட்டி ஒன்றும் சுளகு ஒன்றும் வாங்கிவந்தாள். சிவப்பரிசியை வீட்டிலேயே இடித்து வறுத்தாள். விடியற்காலையிற் புட்டு ஆவி பறக்க வந்தது. மருமகள் நீத்துப்பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"மாமி, இதிலை முந்திக் கோதுமை மா அவிச்சனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை, முந்தநாள் வாங்கினது" என்றாள் மனைவி.

அவள் தட்டை நீட்டினாள். இரண்டாம் முறையும் நீட்டினாள்.