மாமாவோட சிகரெட்டும் ஒரு காந்தச் சுருளும்

எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் எடிட் செய்திருக்கிறோம்.

இன்னைக்கு எபிசோடை ஒரு பெட்டிக்கடையிலருந்து ஆரம்பிக்கிறேன்.

எனக்கு அப்போ பத்து, பதினோரு வயசு. ஸ்கூல் விட்டு வந்ததும் பாட்டி கையில காசைக் குடுத்து, "மாமாவுக்கு வாங்கிட்டு வாடா"ன்னு சொல்லும். என்னன்னு சொல்லவே வேண்டாம். தெருமுனைக் கடை அண்ணனும் கேட்க மாட்டார். என்னைப் பார்த்ததும் சிகரெட்டை எண்ணி, பேப்பர்ல சுத்திக் குடுத்துடுவார். சின்னப் பசங்க கையில அதைக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குங்கிறதே எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் தெரியும்.

மாமான்னா அம்மாவோட தம்பி. இருபத்தி மூணு வயசுல அவருக்கு மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியான்னு டாக்டர் சொன்னாங்க. அப்போலருந்து எங்க வீட்ல எழுதப்படாத விதி ஒண்ணு இருந்துச்சு: மாமாவுக்கு சிகரெட் தீரக் கூடாது. தீர்ந்துட்டா ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருப்பார், கோபப்படுவார். "பாவம், அவனுக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்"ன்னு பாட்டி சொல்லும். நாங்களும் சரின்னுட்டோம்.

போன மாசம் மாமாகிட்ட நான் படிச்ச ஒரு ஆராய்ச்சியைப் பத்திப் பேசிட்டிருந்தேன். தலைக்கு வெளியே ஒரு காந்தச் சுருளை வச்சு மூளையைத் தூண்டி, மனச்சிதைவு உள்ளவங்க சிகரெட்டை விட உதவ முடியுமான்னு பார்க்கிறாங்க. சும்மா ஒரு டெக் விஷயமாத்தான் சொன்னேன். அவர் முழுசா கேட்டுட்டு, "அது எனக்குக் கிடைக்குமாடா?"ன்னார்.

அவருக்கு விடணும்னு ஆசை இருக்குன்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். அவர்கிட்ட அனுமதி வாங்கித்தான் இதைப் பேசுறேன். இந்த எபிசோட், அவர் கேட்ட கேள்விக்கான பதில்.

ஏன் இவ்வளவு பேர்?

முதல்ல எண்ணிக்கை. 20 நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து 2005-ல் ஒரு தொகுப்பு வந்தது. மனச்சிதைவு உள்ளவர்களில் சராசரியா 62 சதவீதம் பேர் புகைபிடிக்கிறாங்கன்னு அதுல தெரிஞ்சது. இவங்க ஆயுள் மத்தவங்களைவிட ஏறக்குறைய 15 வருஷம் குறையுது. அதுல பெரிய பங்கு இதய நோய், நுரையீரல் நோய் மாதிரியான உடல் நோய்களுக்கு. அதுக்கெல்லாம் புகை ஒரு முக்கியக் காரணம்.

ஏன்? நிகோடின் மூளையில் சில ஏற்பிகளில் போய் ஒட்டுது. மனச்சிதைவு உள்ளவங்க பலருக்குத் தேவையில்லாத சத்தத்தை வடிகட்டுறது கஷ்டம். ஃபேன் சத்தம், பக்கத்து வீட்டு டிவி, எதிர்ல பேசுறவர் குரல் எல்லாமே ஒரே அளவுல உள்ளே வரும். நிகோடின் இதைக் கொஞ்ச நேரத்துக்குச் சரிபண்ணுதுன்னு அமெரிக்காவின் கொலராடோவில் 1990-களில் ஆய்வுகள் வந்தன. இதிலிருந்து, "இவங்க சிகரெட்டையே மருந்தா எடுத்துக்கிறாங்க"ங்கிற கருத்து பலமா பரவிச்சு.

இங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு. அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் வழக்குகள் மூலமா வெளியே வந்த பிறகு, ஆராய்ச்சியாளர்கள் அதைத் தோண்டிப் பார்த்து 2008-ல் ஒரு கட்டுரை எழுதினாங்க. மனச்சிதைவு உள்ளவங்களுக்குப் புகை தேவைங்கிற கருத்துக்கு ஆதரவான ஆராய்ச்சிகளுக்குக் கம்பெனிகள் பணம் குடுத்திருக்கு. மனநல மருத்துவமனைகளுக்கு சிகரெட் சப்ளை பண்ணியிருக்கு. அங்கே புகைக்குத் தடை வரப்போன நேரத்துல, தடை வேண்டாம்னு சொன்னவங்க பக்கம் நின்னிருக்கு. எங்க பாட்டி சொன்ன "அவனுக்கு அது ஒண்ணுதான்" மாதிரி ஒரு வாக்கியத்துக்குப் பின்னாடி காசு போட்டவங்களும் இருந்திருக்காங்க.

நம்ம சென்னையிலருந்தே இதுக்கு ஒரு பதில் இருக்கு. ஸ்கார்ஃப், அதாவது சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கிசோஃப்ரினியா ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் தாராவும் அவரோட சேர்ந்து ஸ்ரீனிவாசனும் 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. சிகிச்சைக்கு வந்த 286 ஆண்களில் புகைபிடிச்சவங்க 38 சதவீதம்தான். வெளிநாட்டு எண்ணிக்கையைவிட ரொம்பக் குறைவு. எல்லாமே உயிரியல் இல்லைங்கிறதை அந்தக் கட்டுரையோட தலைப்பிலேயே வச்சாங்க. மூளை மட்டும்தான் காரணம்னா, ஊருக்கு ஊர் இவ்வளவு மாறாது இல்லையா? கையில காசு இருக்கா, வீட்ல யார் என்ன சொல்றாங்க, இதெல்லாமும் சேருது.

மூளையில் சிகரெட் எங்கே இருக்கு?

2007-ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு இந்தக் கதையைத் திருப்பிப் போட்டுச்சு. பக்கவாதம் மாதிரியான காரணத்தால் மூளையில் காயம்பட்ட 69 பேர். எல்லாரும் காயத்துக்கு முன்னாடி புகைபிடிச்சவங்க. அவங்களில் 19 பேருக்கு இன்சுலான்னு ஒரு பகுதி பாதிக்கப்பட்டிருந்துச்சு. காதுக்கு மேல, மூளையோட மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கிற பகுதி அது. பசி, படபடப்பு, மூச்சுத்திணறல்னு உடம்புக்குள்ள நடக்கிறதை நாம உணர்றதில் அதுக்குப் பெரிய வேலை.

அந்த 19 பேரில் 13 பேர் புகையை விட்டாங்க. அதுல 12 பேர் ரொம்ப சுலபமா, உடனே, திரும்பத் தொடாம விட்டாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இல்லை. அந்த ஏக்கமே வரலை.

காயம் பண்ணி வைத்தியம் பார்க்க முடியாது. ஆனா வெளியே இருந்து அந்த சர்க்யூட்டைக் கொஞ்சம் தள்ளிவிட முடியுமா?

அந்த மெஷின் என்ன பண்ணுது?

இதுக்குப் பேர் டிஎம்எஸ். அடிப்படை 1831-ல் ஃபாரடே கண்டுபிடிச்சது. ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்ல நாம எல்லாரும் படிச்சதுதான்: மாறுகிற காந்தப்புலம், பக்கத்துல இருக்கிற கடத்தியில மின்னோட்டத்தை உண்டாக்கும். 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவர் குழுவும் அந்தக் கடத்தி இருக்கிற இடத்துல மனுஷ மூளையை வச்சுப் பார்த்தாங்க. தலைமேல சுருள், ஒரு நொடியில ஆயிரத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத ஒரு பல்ஸ், கை துடிச்சுது. மண்டையைத் திறக்கலை.

நீங்க நினைக்கிற சினிமா ஷாக் ட்ரீட்மென்ட் இது இல்லை. மயக்க மருந்து கிடையாது. முழிச்சிட்டு நாற்காலியில உட்கார்ந்திருப்பீங்க. காதுக்குப் பக்கத்துல டக்டக்னு சத்தம், தலையில யாரோ தட்டுற மாதிரி உணர்வு. எவ்வளவு சக்தி வைக்கணும்கிறதுக்கு முதல்ல கைவிரல் எப்போ துடிக்குதுன்னு பார்த்து, ஆளுக்கு ஆள் தனியா செட் பண்ணுவாங்க. தலைவலி சிலருக்கு வரும். வலிப்பு ரொம்ப அரிதா வரலாம், அதனால வலிப்பு நோய் இருக்கிறவங்களுக்கும், தலைக்குள்ள உலோகம் வச்சிருக்கிறவங்களுக்கும் பொதுவா குடுக்க மாட்டாங்க.

2008-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ மனச்சோர்வுக்கு இதை அனுமதிச்சது. 2020-ல் புகையை விடறதுக்கும். அதுக்கு அடிப்படை 262 பேர் கலந்துக்கிட்ட ஒரு சோதனை. பாதிப் பேருக்கு நிஜச் சுருள், பாதிப் பேருக்கு அதே சத்தம் போடுற போலிச் சுருள். யாருக்கு எதுன்னு அவங்களுக்குத் தெரியாது. நம்ம ஆபீஸ் ஏ/பி டெஸ்ட் மாதிரிதான், ஆனா இதைவிட ஒழுங்கா பண்ணது. மூணு வாரம் தினமும், அப்புறம் மூணு வாரம் வாரத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முதல்ல வேணும்னே புகை ஆசையைத் தூண்டிவிட்டு, அந்த சர்க்யூட் முழிச்சதும் பல்ஸ் குடுத்தாங்க. 18 வாரம் கழிச்சு, தொடர்ந்து விட்டிருந்தவங்க நிஜச் சுருளில் 19.4 சதவீதம், போலியில 8.7 சதவீதம்.

ரெண்டு மடங்குக்கு மேல. அதே சமயம், நிஜச் சுருள் கிடைச்ச பத்துப் பேரில் எட்டுப் பேர் விடலை. ரெண்டையும் சேர்த்தே மனசுல வச்சுக்கோங்க.

மனச்சிதைவு இருந்தா?

அந்தச் சோதனை மாமா மாதிரி ஆட்களை வச்சு நடந்தது இல்லை. அவங்களுக்குன்னு தனியா நடந்த சோதனைகள் ரொம்பச் சின்னவை. 2012-ல் கனடாவின் டொரான்டோவில் 15 பேர். நெற்றிக்குப் பின்னாடி இருக்கிற ப்ரீஃப்ரன்டல் பகுதியில் ரெண்டு பக்கமும் பல்ஸ், கூடவே நிகோடின் பேட்ச், குழு ஆலோசனை. முதல் வாரத்துலயே ஏக்கம் குறைஞ்சது. ஆனா விட்டவங்க எண்ணிக்கை கூடலை. 2014-ல் செக் நாட்டில் 35 ஆண்கள், 21 தடவை சிகிச்சை. புகைக்கிற சிகரெட் எண்ணிக்கை குறைஞ்சது. டொரான்டோ குழு அப்புறம் மூணே நாள் மட்டும் குடுத்துப் பார்த்தப்போ பலன் தெரியலை.

ஆக, ஏக்கம் அசையுது. விடறது இன்னும் நிரூபிக்கப்படலை. இதுவரைக்கும் நடந்ததோட சுருக்கம் அவ்வளவுதான்.

யாருமே நோட் பண்ணாத டிபென்டென்சி

இப்போ இந்த எபிசோடோட முக்கியமான பகுதி. வீட்ல யாராவது க்ளோசபின் அல்லது ஓலான்சபின் சாப்பிட்டா, இதை மட்டுமாவது கேட்டுட்டுப் போங்க.

சிகரெட் புகையில் இருக்கிற தார்ப் பொருட்கள், கல்லீரலில் சிஒய்பி1ஏ2-ன்னு ஒரு என்சைமை முடுக்கிவிடும். அந்த என்சைம்தான் இந்த ரெண்டு மருந்தையும் உடைக்குது. அதனால நிறையப் புகைக்கிறவர் உடம்பில் மருந்து சீக்கிரம் தீர்ந்துடும், டாக்டரும் அதுக்கேத்த மாதிரி டோஸை ஏத்தி வச்சிருப்பார். திடீர்னு புகையை நிறுத்தினா, சில நாள்லயே என்சைம் பழைய நிலைக்கு வந்துடும். மாத்திரை அதேதான், ஆனா ரத்தத்துல மருந்து அளவு விறுவிறுன்னு ஏறும். கவனிங்க, இதைப் பண்றது புகை, நிகோடின் இல்லை. பேட்ச் போட்டாலும் இந்த ஏத்தம் வரும்.

கோடுல எங்கேயும் எழுதாத ஒரு டிபென்டென்சி மாதிரி. அதைத் தூக்கினா, சம்பந்தமே இல்லாத இடத்துல சிஸ்டம் படுத்துடும்.

எங்க வீட்லயே அது நடந்துச்சு. நாலு வருஷம் முன்னாடி மாமா கால் எலும்பு முறிஞ்சு ஒரு மருத்துவமனையில் ரெண்டு வாரத்துக்கு மேல இருந்தார். வார்டுல புகைக்க முடியாது, சரியான விதிதான். க்ளோசபின் அதே டோஸ். ரெண்டாவது வாரம் எழுப்பினாலும் எழ மாட்டேங்கிறார், வாயிலருந்து எச்சில் வழியுது, ஒரு நாள் காலையில வலிப்பு வந்துடுச்சு. நோய் முத்திடுச்சுன்னு அம்மா அழுதாங்க. அவரோட மனநல டாக்டர் போன்ல முதல்ல கேட்ட கேள்வி: "எத்தனை நாளா சிகரெட் இல்லை?" டோஸைக் குறைச்சாங்க, சரியாயிட்டார்.

ஆனா நாங்க அதுலருந்து தப்பான பாடத்தைக் கத்துக்கிட்டோம். "பாத்தியா, அவனுக்கு சிகரெட் இல்லாம ஆகாது"ன்னு. டிஸ்சார்ஜ் அன்னைக்கு பாக்கெட் வாங்கிட்டு வந்தது நான்தான்.

மாமாவுக்கு என் பதில்

இந்தியாவில் டிஎம்எஸ் இருக்கு. பெங்களூர் நிமான்ஸ் மாதிரி இடங்களில் வேற பிரச்சினைகளுக்குக் குடுக்கிறாங்க. ஆனா மனச்சிதைவு உள்ளவங்க புகையை விடறதுக்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலையிலதான் இருக்கு. க்ளோசபினே வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டும். ஏற்கெனவே ஒரு தடவை வலிப்பு வந்தவர் வேற. அதனால, "இப்போதைக்கு இல்லை மாமா"ன்னுதான் சொன்னேன்.

அதோட நிறுத்தலை. ஏன்னா மெஷின் இல்லாமலே வழி இருக்கு. 2016-ல் லான்செட்டில் ஈகிள்ஸ்னு ஒரு பெரிய சோதனை வந்தது. 8,000-க்கும் மேற்பட்டவங்க, அதுல பாதிப் பேர் மனநலப் பிரச்சினை உள்ளவங்க. வரெனிக்ளின் மாத்திரை, புப்ரோபியான், நிகோடின் பேட்ச் மூணுமே போலி மாத்திரையைவிட உதவுச்சு, வரெனிக்ளின் அதிகமா. மனநிலையைக் குலைச்சுடும்னு இருந்த பயத்துக்கு ஆதாரம் கிடைக்கலை. அதே வருஷம் எஃப்டிஏ அந்த மாத்திரையின் மேல போட்டிருந்த கடுமையான எச்சரிக்கையை நீக்கிடுச்சு.

நானும் மாமாவும் அவரோட டாக்டரைப் போய்ப் பார்த்தோம். திட்டம் போட்டுக் குடுத்தாங்க: படிப்படியா குறைக்கிறது, நிகோடின் சூயிங்கம், நடுவுல ரத்தத்துல மருந்து அளவு பார்த்து டோஸை மாத்துறது. "இத்தனை வருஷத்துல ஏன் மாமா சொல்லலை?"ன்னு திரும்பி வர்ற வழியில கேட்டேன். "யாரும் கேட்கலையேடா"ன்னார்.

ஒரு நாளைக்கு இருபதுக்குக் கிட்ட இருந்தது, இப்போ எட்டு. போன வாரம் பத்தாச்சு, மறுபடி எட்டு. சாயங்கால சிகரெட்தான் ரொம்பக் கஷ்டம்ங்கிறார். அந்த நேரத்துக்கு நான் வீட்ல இருந்தா ரெண்டு பேரும் நடக்கப் போறோம், பெட்டிக்கடை இல்லாத தெரு வழியா.

உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்தா, அவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. திடீர்னு பாக்கெட்டைப் பிடுங்கிடாதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. புகையிலையை விட உதவுற தேசிய இலவச எண் 1800-11-2356. மனநல உதவிக்கு டெலி மானஸ், 14416. தமிழ்லயே பேசலாம்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.