கத்துகிற பிரேக் என்ன சொல்கிறது?

"கிரீச்...!"

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நின்றாலே இந்தச் சத்தம் காதில் விழும். நாம் அதை ஒரு தொல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் அது பிரேக் நம்மிடம் பேசும் பேச்சு நண்பர்களே!

என் மாமாவின் பழைய அம்பாசிடரில் பின் சக்கரம் கத்தியது. ராயபுரம் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிரம்மைக் கழற்றி, லைனிங் மேல் ஆயில் தடவி மாட்டிவிட்டார்கள். சத்தம் போயே போச்சு! மறுநாள் கல்மண்டபம் அருகே மாமா பிரேக்கை மிதித்தார். வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடி, முன்னால் நின்ற டிரெய்லருக்கு ஒரு ஜாண் தூரத்தில் நின்றது. அப்புறம் வேறொரு பெரியவரிடம் வண்டியை விட்டோம். அவர் சிரித்தபடி கேட்டார்: "கத்துற புள்ள வாயைப் பொத்தலாமா தம்பி? எங்க வலிக்குதுன்னு இல்ல பாக்கணும்?"

வாருங்கள், எங்கே வலிக்கிறது என்று பார்ப்போம்.

வயலின் வில், கம்பியைப் பிடித்துப் பிடித்து வழுக்குவதால் நாதம் வருகிறது. பேடும் டிஸ்க் மேல் அப்படித்தான். அந்த அதிர்வு நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் போனால் 'கிரீச்'! அதற்குக் காரணங்கள் பல.

முதலாவது, துரு. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. காசிமேடு, எண்ணூர் உப்புக் காற்றில் ராத்திரி நிறுத்திய வண்டியின் டிஸ்க்கில் காலையில் லேசான துரு படிந்திருக்கும். நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் தேய்ந்து போகும். இதற்குப் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, தேய்மானம். பல கார்களின் பேடில் சின்ன எஃகுத் தகடு ஒன்று உண்டு. லைனிங் சுமார் 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். "மாத்துடா" என்று அர்த்தம். அதையும் கேட்காவிட்டால் 'கர கர' என்று இரும்போடு இரும்பு உரசும். அப்புறம் டிஸ்க்கும் காலி!

மூன்றாவது, சூடு. கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் அரை பிரேக்கிலேயே ஊர்ந்தால் லைனிங் முகம் கண்ணாடி போலப் பளபளப்பாகிவிடும். லேசாக இருந்தால் எமரி பேப்பரில் தேய்க்கலாம். அதிகமென்றால் மாற்றத்தான் வேண்டும்.

நான்காவது, காலிபர் பின் காய்ந்து இறுகுவது, பேடின் முதுகில் உள்ள ஷிம் தகடு இல்லாமல் போவது. சூடு தாங்கும் பிரேக் கிரீஸைப் பின்னிலும் பேடின் முதுகிலும் மட்டும் தடவலாம். உரசும் முகத்தில் ஒரு சொட்டுகூடக் கூடாது! எண்ணெய் குடித்த லைனிங்கை, அந்த அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். மாமா வண்டிக்கும் அதுதான் நடந்தது.

ஐந்தாவது, டிரம்முக்குள் சேரும் தூசி. இங்கேதான் நமக்கு ஆபத்து. ஏர் கன் வைத்து 'புஸ்' என்று ஊதுவது பட்டறை வழக்கம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் தங்கி, பல வருடம் கழித்துப் புற்றுநோயாகக்கூட வரலாம். ஊதாதீர்கள்; நனைத்து, ஈரத் துணியால் துடையுங்கள்.

1948-ல் அசோக் மோட்டார்ஸ் பிறந்தது நம் எண்ணூரில். பிரேக் செய்கிற பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கியது பாடியில். இந்த மண்ணில் ஆட்டோமொபைல் படிக்கிற நாம் நாளை எத்தனையோ பேருடைய வண்டியில் கை வைக்கப் போகிறோம். சத்தத்தை நிறுத்துவது சுலபம். வண்டியை நிறுத்துவதுதான் நம் வேலை!